பிக்கப் வண்டிக்கு கேம்பர் கூடு: நாமே செய்யலாமா?

அமெரிக்காவில் வாங்கிய பிக்கப் வண்டியின் பின்தொட்டிமேல், உள்ளே படுத்துத் தூங்கும்படி ஒரு கூடு நீங்களே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். வண்டி தாங்கும் எடை அதில் இருக்கும். ஆட்கள், சாமான், கூடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அரை அங்குல ப்ளைவுட், 4×8 அடிப் பலகை ஒன்றே சுமார் 18 கிலோ வரும். அதனால் 2×2 அங்குல மரச்சட்டம், கால் அங்குல ப்ளைவுட் போதும் என்பேன்.

சரி, உண்மையான எதிரி மழைதான். கூரையைப் பின்பக்கமாகச் சற்றுச் சரித்து வையுங்கள். தண்ணீர் தேங்கினால் எந்தப் பெயிண்டும் நிற்காது. ப்ளைவுட்டில் முதலில் ஊறுவது அறுத்த விளிம்பு. ஆகவே பலகைகளைப் பொருத்துவதற்கு முன்பே விளிம்புகளுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்துவிடுங்கள். இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள். தொட்டியின் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டி, கூட்டை அதன்மேல் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். வண்டியில் துளை போட வேண்டாம், அங்கேதான் துரு பிடிக்கும். அப்புறம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

எதிரெதிரே இரண்டு காற்றுத் துளைகள் கட்டாயம். உள்ளே அடுப்பு மட்டும் பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.