ஆர்.சி.யில் 'பாபர்' என்று ஒரு கட்டமே கிடையாது

கேள்வி: என்னிடமும் என் தம்பியிடமும் ஒரே மாதிரியான 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 பைக் இருக்கிறது. ஒன்றை ஒற்றை சீட்டும் தாழ்ந்த ஹேண்டில்பாரும் உள்ள பாபராகவும், மற்றொன்றை முன்சக்கரம் நீண்டு நிற்கும் சாப்பராகவும் மாற்ற ஆசை. பட்டறைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார். மேலே 18,000 ரூபாய் கொடுத்தால், தெரிந்த ஆள் மூலம் ஆர்.சி.யிலும் மாற்றித் தருவாராம். நம்பலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் அந்த 18,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர், மாடல், நிறம், எத்தனை பேர் உட்காரலாம், சேஸிஸ் எண், என்ஜின் எண் என்று கட்டங்கள் இருக்கும். 'பாபர்' என்றோ 'சாப்பர்' என்றோ எழுத இடமே இல்லை. பிறகு அந்த ஆள் எதை மாற்றித் தருவார்? சென்ற ஆண்டு என் பட்டறைக்கு வந்த இளைஞர் ஒருவர் பெருமையாக நீட்டிய ஆர்.சி.யில் மாறியிருந்தது ஒரே ஒரு சொல். 'கறுப்பு' இருந்த இடத்தில் 'பச்சை'. அதற்கு அவர் கொடுத்தது 20,000 ரூபாய். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நீண்டிருந்ததைப் பற்றி அந்த அட்டையில் ஓர் எழுத்துகூட இல்லை. இன்னும் துணிந்தவர்கள் அட்டையையே தாங்களாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். அங்கே பழைய விவரம் இருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

சட்டம் சொல்வது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொன்றுக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

உங்கள் இரண்டு ஆசைகளும் ஒன்றல்ல. பாபருக்கு வேண்டியது ஒற்றை சீட், தாழ்ந்த ஹேண்டில்பார், சிறிய மட்கார்டு. ஃபிரேமின் பின்குழாய்களை அறுக்காமல், ஸ்பேனரால் கழற்றி மாட்டும் அளவிலேயே இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்பது விதி. சேலை கார்டைக் கழற்றி எறியாதீர்கள். சைலன்சரில் கை வைக்காதீர்கள்.

சாப்பர் வேறு கதை. முன்சக்கரம் நீள வேண்டுமானால் ஃபோர்க் சாய வேண்டும். அது சாய வேண்டுமானால் ஹேண்டில்பார் திரும்பும் தலைக்குழாயை அறுத்து, கோணம் மாற்றி, மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். சக்கரம் முன்னே போகப் போக, மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சரியும். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சேஸிஸ் எண் குத்தப்பட்டிருப்பது அந்தத் தலைக்குழாயில்தான். வெல்டிங் சூட்டிலும் அதற்குப் பிறகு தேய்க்கும் கிரைண்டரிலும் ஓர் இலக்கம் மங்கினால் போதும்; காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கும் அச்சில் அது விழாது. அதன் பிறகு சோதனையில் நிற்கும் காவலருக்கு உங்கள் வண்டி திருட்டு வண்டிதான். நீங்கள் வண்டி வாங்கிய ரசீது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரு கதவு நிறம். அதை யாரும் ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகே பெயின்ட். பூசிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வண்டி இன்னும் கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. முழு வண்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதே கதைதான். டேங்கில் ஒரு கோடு இழுத்ததற்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்.சி.யில் கறுப்பு என்று படித்துவிட்டு நிமிர்கிற காவலர் பச்சையைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். இதற்கு இடைத்தரகர் வேண்டியதே இல்லை. அலுவலகத்தில் இரண்டு மூன்று முறை அலைய விடுவார்கள். அந்த அலைச்சலைத்தான் தரகர் 20,000 ரூபாய்க்கு விற்கிறார்.

எனக்கும் ஆத்திரம் உண்டு. ராயல் என்ஃபீல்டு 2020இல் மீட்டியோர் 350ஐ விட்டது. அதே 349 சிசி என்ஜின் குடும்பத்திலிருந்து கிளாசிக், ஹன்டர், புல்லட் என்று வரிசையாக வந்தன; 2024இல் பாபர் பாணியில் கோவன் கிளாசிக்கும் வந்தது. ஒரே அடித்தளத்திலிருந்து விதவிதமான வண்டிகள், அத்தனையும் சட்டப்படி. காரணம், ஒவ்வொரு மாடலையும் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்குகிறார்கள். அப்படிச் சோதிக்கும் அரசு மையம் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது. நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் ஒன்றும் அதே ஊரில்தான். ஆனால் நீங்கள் உங்கள் ஒற்றை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் "சோதித்துச் சான்று கொடுங்கள்" என்றால் அதற்கு வழி கிடையாது. பிரிட்டனில் ஒற்றை மோட்டார் சைக்கிளுக்கு அங்கீகாரம் கொடுக்கத் தனிச் சோதனையே இருக்கிறது. இங்கே நல்ல வேலைக்காரனையும் மோசமான வேலைக்காரனையும் ஒரே சட்டம் ஒன்றாகக் குற்றவாளியாக்குகிறது. நடுவில் தரகர் சம்பாதிக்கிறார்.

ஆகவே உங்கள் வண்டியைப் பாபர் சாயலுக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். விற்கும் நாளில் தேவைப்படும். செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுங்கள். தம்பியின் சாப்பரைப் பற்றிப் பட்டறைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தலைக்குழாயை அறுத்தால் சேஸிஸ் எண் என்னாகும்?" "திரும்பக் குத்திக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், வண்டியை ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.