வாசகர் கேள்வி: எச்.ஐ.வி. மாத்திரைக்கு எஸ்எம்எஸ் நினைவூட்டல்

கேள்வி: எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். "மறக்காமல் மாத்திரை சாப்பிடுங்கள்" என்று தினமும் இரவு 8 மணிக்கு எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போகிறது. ஆரம்பத்தில் பலன் தெரிந்தது. இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தினசரி செய்தியை நிறுத்துங்கள். ஒரே நேரத்தில் ஒரே வாசகம் வந்துகொண்டிருந்தால், படிக்காமலே விரல் அதைத் தள்ளிவிடும். கென்யாவில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில் 48 வாரம் கவனித்தார்கள். வாரம் ஒரு செய்தி பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் பத்துக்கு ஒன்பது வேளையாவது தவறாமல் மாத்திரை எடுத்திருந்தார்கள். செய்தியே பெறாதவர்களில் 40 சதவீதம். தினசரி செய்திக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஊக்க வார்த்தைகளைச் சேர்த்து நீட்டியதும் வீண்.

அடுத்து, கட்டளையைக் கேள்வியாக்குங்கள். அதே நாட்டில் 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வில் வாரந்தோறும் போனது ஒரே சொல்: "மாம்போ?" சுவாஹிலியில் 'எப்படி இருக்கீங்க?' என்று அர்த்தம். 48 மணி நேரத்துக்குள் "சாவா" (நலம்) அல்லது "ஷிடா" (பிரச்சினை) என்று பதில் போட வேண்டும். பிரச்சினை என்றாலும், பதிலே வராவிட்டாலும் மையத்திலிருந்து போன் போகும். ஓராண்டு முடிவில் வைரஸ் கட்டுப்பட்டிருந்தவர்கள் 57 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 48. அந்தப் போன் அழைப்புக்குத்தான் இதில் பெரிய பங்கு என்பேன். தென்னிந்தியாவில் வாரம் ஒரு தானியங்கி அழைப்பும் ஒரு படச்செய்தியும் அனுப்பிப் பார்த்த ஆய்வில் (2014) எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே, பதில்களைப் பார்த்துத் திருப்பி அழைக்க ஆள் இல்லையென்றால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

வாசகத்தைச் சுருக்கமாக வையுங்கள். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள்தான் அடங்கும், ஆங்கிலத்தில் 160. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: "வணக்கம்" கண்ணுக்கு 5 எழுத்து, கணக்குக்கு 7. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். "வணக்கம். நலமா? ஆம் 1, இல்லை 2" போதும்.

பதில் வராதவரை 'மாத்திரை விட்டவர்' என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். பேலன்ஸ் தீர்ந்திருக்கும், எண் மாறியிருக்கும். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் எண்ணைச் சரிபாருங்கள். அழைக்கும்போது வேறு யாராவது எடுத்தால், மையத்தின் பெயரைச் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

கேள்வி: என் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். எஸ்எம்எஸ் வந்தால் விஷயம் தெரிந்துவிடுமே?

பதில்: செய்தியில் மருந்து, நோய், மருத்துவமனை என்ற சொற்கள் வரவே கூடாது என்று மையத்தில் சொல்லுங்கள். அனுப்புபவர் பெயரையும் பாருங்கள். பலர் சறுக்குவது அங்கேதான், வாசகம் பூடகமாக இருக்கும், மேலே மையத்தின் பெயர் பளிச்சென்று இருக்கும். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். அப்போதும் பயமென்றால் எஸ்எம்எஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதனால் சிகிச்சை நிற்காது. பெயர் வைக்காத அலாரம் ஒன்று போதும்.

கேள்வி: தினம் ஒரு மாத்திரை. நேற்று விட்டுவிட்டேன், எஸ்எம்எஸ் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்று இரண்டாகப் போடலாமா?

பதில்: கூடாது. இன்றைய ஒன்றை மட்டும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். சில மணி நேரமே தாமதம் என்றால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடிக்கடி விட்டுப்போனால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாக இடம் கிடைக்கும். வாரத்தில் இரண்டு முறை தவறினாலே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள்.