சொந்தமாகக் கம்பைல் செய்த லினக்ஸ் பூட் ஆகாமல் நிற்பது ஏன்?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கிய பழைய மடிக்கணினியில் லினக்ஸை மூல நிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்திருக்கிறீர்கள். எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வருகிறது, லினக்ஸின் மையமான கெர்னலும் ஓடத் தொடங்குகிறது, ஆனால் ரூட்டை (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியை) மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க முடியாமல் பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதிகளை) தப்பாகப் பிரித்துவிட்டேனா என்பது கேள்வி.

அநேகமாக இல்லை. கெர்னல் வரை வந்துவிட்டதே! பூட் கோப்புகளுக்கு ஃபேட்32 ஃபார்மட்டில் 512 எம்பி ஈஎஃப்ஐ பகுதி, எக்ஸ்ட்4 ஃபார்மட்டில் 30 ஜிபி ரூட், விருப்பப்பட்டால் நினைவகத்துக்குத் துணையாகக் கொஞ்சம் ஸ்வாப், இது தாராளம்.

பேனிக் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 0,0 என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால், நீங்கள் சொன்ன ரூட் பகுதி கெர்னலின் கண்ணிலேயே படவில்லை. பெரும்பாலும் டிஸ்க் டிரைவரை மாட்யூலாக (கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக) விட்டிருப்பீர்கள். அந்த மாட்யூல் இருப்பதோ அதே டிஸ்க்கில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகள், தேவையான டிரைவர்களோடு முதலில் நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பு அமைப்பு மூலம் இதைச் சமாளிக்கின்றன. நீங்கள் அது இல்லாமல் போவதால் உங்கள் டிஸ்க் வகைக்கேற்ப என்விஎம்இ அல்லது ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க்குக்கானது) டிரைவர், எக்ஸ்ட்4 எல்லாவற்றையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். சாட்டா டிஸ்க் என்றால் ஸ்கஸி டிஸ்க் ஆதரவும் தேவை. பலர் கோட்டைவிடும் இடம் இது.

அப்புறம், கிரப் கோப்பில் ரூட்டுக்கு யூயூஐடி (கோப்பு அமைப்பின் அடையாள எண்) கொடுத்திருந்தால் அதுவும் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் வேலை செய்யாது. பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுங்கள், அதைக் கெர்னல் தானே படித்துக்கொள்ளும். புதிய கெர்னலை வேறு பெயரில் பூட் அடைவில் வைத்தால் பழையதும் மெனுவில் இருக்கும்.