கடையில் கேட்டது வீட்டிலும் கேட்குமா?

கேள்வி: இறுதி யுத்தத்தில் ஷெல் சத்தம் கேட்ட நாளிலிருந்தே அப்பாவுக்குக் காது மந்தம். இப்போது வயது 68. வவுனியாவில் ஒரு கடையில் இரண்டு செவிப்புலன் கருவிகளைப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியதில்தான் நன்றாகக் கேட்கிறது என்கிறார் அப்பா. கனடாவில் உள்ள அண்ணாவோ அங்கிருந்தே வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இன்னும் பணம் கட்டாவிட்டால் பொறுத்திருங்கள். கதவு சாத்திய அறையில் ஒருவர் எதிரே இருந்து நிதானமாகப் பேசினால், சாதாரணக் கருவியிலும் நன்றாகவே கேட்கும். அதோடு, இரண்டில் எதில் சத்தம் சற்றுக் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் சிறந்தது என்று காது நம்பிவிடும். ஒரே செவிப்புலன் பரிசோதனை அறிக்கையை வைத்து இரண்டையும் அமைத்து, சத்தத்தையும் சமப்படுத்தித் தரச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் ஒருவர் அப்பாவைப் பார்க்க வேண்டும். வெடிப்பின் அமுக்கத்தில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். அதைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யக்கூடிய நிலையும் உண்டு. காதில் சீழ் வடிந்தாலோ, ஒரு காது மட்டும் கூடுதலாக மந்தமாக இருந்தாலோ இதைத் தள்ளிப்போடவே கூடாது. வெறும் குறும்பி அடைத்துக்கொண்டாலும் கேட்பது குறையும்.

பிறகு, கருவிகளை வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கவிடும் இடத்தைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு வாரமாவது போட்டுப் பார்க்க வேண்டும். வெடிச்சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் போகும். சத்தம் கேட்கும், சொல் விளங்காது. ஆகவே சொல்லைச் சோதியுங்கள். அப்பாவுக்கு இரண்டு மீற்றர் தள்ளி நின்று, வாயைக் கடதாசியால் மறைத்து, ‘படி, கடி, தடி, மடி, அடி’ என்று ஒழுங்கு மாற்றிச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்து, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும்போது இதையே செய்யுங்கள். சந்தையில், பஸ்ஸில், வயல்வரம்பில் காற்றடிக்கும்போது, கைபேசியில் அண்ணாவுடன் பேசும்போது எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். அப்பா நாள்தோறும் பேசிப் பழகும் இடங்களில் எது விளங்குகிறதோ அதுவே அவருக்கான கருவி. விலை குறைந்தது வென்றால் சந்தோஷமாக அதையே வாங்குங்கள்.

முதல் நாட்களில் தட்டு வைக்கும் சத்தம்கூட அவருக்கு எரிச்சலூட்டும். தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல இருக்கும். பழகச் சில வாரம் எடுக்கும்; அதற்காகக் கழற்றி வைக்க விடாதீர்கள். ஆனால் காது நொந்தாலோ, சாப்பிடும்போது கருவி கீச்சிட்டாலோ பொறுத்துப்போகத் தேவையில்லை. காது அச்சு (கருவியில் காதுக்குள் பொருந்தும் பகுதி) சரியாகப் பொருந்தவில்லை என்றே பெரும்பாலும் பொருள். திருத்தித் தரச் சொல்லுங்கள்.

அண்ணாவிடம் பணமாக அனுப்பச் சொல்லுங்கள். கருவியை அப்பாவின் காதுக்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரும். அங்கே வாங்கியதை இங்குள்ளவர்கள் திறந்து அமைக்க முடியாமலும் போகலாம். எந்த அளவுப் பற்றரி, அது கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். நம் வெக்கையில் வியர்வை கருவிக்குள் இறங்கும். இரவில் போட்டுவைக்க ஈரமுறிஞ்சும் டப்பா ஒன்றும் வேண்டும்.

பரீட்சார்த்த நாட்கள், திருப்பிக் கொடுத்தால் கழிக்கும் தொகை, கருவியின் தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.