சர்வரில் இப்போது ஓடுவது எந்த வெளியீடு என்று எப்படி உறுதிசெய்வது?

புதிய வெளியீட்டை ஏற்றி, டெப்ளாய் ஸ்கிரிப்ட்டும் வெற்றி என்று முடிந்த பிறகு, பயனர்களுக்குப் பதில் அளிப்பது அதே வெளியீடுதானா என்று எப்படி அறிவது எனக் கேட்டிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸையே, அதாவது நினைவகத்தில் இயங்கும் நிரலையே, கேட்க வேண்டும், அதையும் ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதே என் பதில். கோப்புறையில் எது இருக்கிறது, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் எந்தக் கமிட் (பதிவு) நிற்கிறது என்பவையெல்லாம் நாம் எதை ஏற்ற எண்ணினோம் என்பதற்கு மட்டுமே சான்று.

லினக்ஸில், மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேலாளர் அதே பெயரில் புதிய கோப்பை வைத்துவிட்டாலும், முன்பே தொடங்கிய ப்ராசஸ் தான் திறந்த பழைய கோப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இது பெரிய சிக்கலாக இருந்தது: அந்த ஓட்டை இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல் நூலகத்தைப் புதுப்பித்தாலும், அதைப் பயன்படுத்தும் வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் வரை ஓட்டை அடைபடவில்லை. பதிப்பு எண்ணை மட்டும் பார்ப்பதும் அப்போது பயன்படவில்லை. மூல வெளியீட்டில் 1.0.1ஜி-யில் வந்த திருத்தத்தை டெபியன் 7 என்ற லினக்ஸ் வகை தன் 1.0.1இ பேக்கேஜுக்குள்ளேயே சேர்த்து வழங்கியதால், திருத்தத்துக்கு முன்பும் பின்பும் அந்நூலகம் தன்னை 1.0.1இ என்றே சொன்னது. பேக்கேஜின் முழு எண்ணைப் பார்த்தவர்களுக்கே வேறுபாடு தெரிந்தது. ஆகவே ப்ராசஸ் எப்போது தொடங்கியது என்பதை முதலில் பாருங்கள். அந்த நேரம் டெப்ளாய் நேரத்துக்கு முந்தியதாக இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை, ஓடுவது பழையதுதான். பிஎச்பி மொழியில் இது முழுமையாகப் பொருந்தாது: அது நிரல் கோப்பை ஒவ்வொரு கோரிக்கையின்போதும் பார்ப்பதால், பழைய ப்ராசஸிலும் புதிய நிரல் ஓடலாம். ஆனால் நிரலை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஓப்கேஷ், கோப்பின் நேரமுத்திரையைச் சரிபார்க்காதபடி அமைக்கப்பட்டிருந்தால், அதைத் துடைக்கும் வரையோ ரீஸ்டார்ட் செய்யும் வரையோ பழைய நிரலே இயங்கும்.

வெப் ப்ராசஸைச் சரிபார்ப்பவர்கள்கூடப் பின்னணியில் க்யூவிலிருந்து (காத்திருப்பு வரிசையிலிருந்து) வேலைகளை எடுத்துச் செய்யும் வொர்க்கர்களை மறந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தளம் புதிய வெளியீட்டில் இருக்க, மின்னஞ்சல் அனுப்பும் வொர்க்கர் பழைய நிரலிலேயே நாள்கணக்கில் ஓடக்கூடும். வொர்க்கருக்கு உலாவியில் திறந்து பார்க்க ஒரு முகவரி இராது. எனவே அது தொடங்கும்போது லாக் கோப்பின் முதல் வரியிலேயே தன் கமிட் எண்ணை எழுதும்படி அமைப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

கமிட் எண்ணை பில்ட் நேரத்திலேயே, அதாவது மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும்போதே, மென்பொருளுக்குள் பதித்துவிட வேண்டும். கோ நிரல்மொழியில் 1.18 பதிப்பு முதல் இது தானாகவே நடக்கிறது. கமிட் செய்யாத மாற்றங்களோடு பில்ட் செய்யப்பட்டதா என்பதும் அதில் பதிவாகும். ஜாவாவுக்கான ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில், ஆக்சுவேட்டர் என்ற கண்காணிப்புப் பகுதியின் தகவல் முகவரி வழியே இதைக் காட்டலாம். கையால் உயர்த்தும் "2.4" போன்ற பதிப்பு எண்ணை நான் நம்புவதில்லை, ஏனெனில் அதை மாற்றாமலே நிரலை மாற்றிவிட முடியும். மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு கட்டிவைக்கும் கன்டெய்னர் இமேஜின் டேகும் (பெயர்ச்சீட்டும்) அப்படித்தான். கன்டெய்னர்களைப் பல கணினிகளில் இயக்கும் குபர்நெட்டிஸில் "லேட்டஸ்ட்" அல்லாத ஒரு டேகை இட்டு, அதே டேகில் மறுபடி பில்ட் செய்து ஏற்றினால், முந்தைய இமேஜை ஏற்கெனவே வைத்திருக்கும் நோட் (அதிலுள்ள கணினி), இயல்பான அமைப்பில், புதியதை இறக்கிக்கொள்ளாது. கன்டெய்னர்கள் ஓடும் அலகான பாட் தன் நிலைத்தகவலில் காட்டும் இமேஜ் டைஜஸ்டை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) ஒப்பிட்டால் மட்டுமே உறுதி கிடைக்கும்.

ஒவ்வொரு சர்வரையும் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனத்தின் நிகழ்வை மிஞ்சிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பங்கு வாங்கல் விற்றல் ஆணைகளை அனுப்பும் அதன் எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவும் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், 2003-இலேயே பயன்பாட்டை நிறுத்திய பழைய நிரல் அந்த ஒரு சர்வரில் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செய்தது. இழப்பு 46 கோடி டாலரைத் தாண்டியது. இதில் என்னை மிகவும் வருத்துவது இடையில் நடந்த ஒன்று: கோளாறு எங்கே என்று தெரியாமல், சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள், நிலைமை மேலும் மோசமானது. எந்தச் சர்வரில் எது ஓடுகிறது என்ற ஒரு பட்டியல் அந்த நேரத்தில் அவர்கள் கண்முன் இருந்திருந்தால், அந்தத் தவறான திசையில் போயிருக்க மாட்டார்கள்.

ஆகையால், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சரின் பொது முகவரியில் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்கே பதில் சொல்வது பல சர்வர்களில் ஏதோ ஒன்று, அல்லது முந்தைய பதிலைச் சேமித்து வைத்திருக்கும் நடுவிலுள்ள கேஷ். ஒவ்வொரு சர்வரின் உள் முகவரிக்கும் நேரடியாகக் கேள்வி அனுப்பி, வந்த பதில்களின் எண்ணிக்கை சர்வர்களின் எண்ணிக்கைக்குச் சமமா, எல்லாவற்றிலும் கமிட் எண் ஒன்றேதானா என்று டெப்ளாய் ஸ்கிரிப்ட்டே ஒப்பிடட்டும். ஒன்று மாறினாலும், பதில் வராவிட்டாலும், அது தோல்வி என்றே முடியட்டும். பதிப்பைச் சொல்லும் முகவரியை உள் வலைப்பின்னலுக்குள் மட்டும் திறந்து வையுங்கள், ஏனெனில் எந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பதை அது வெளியாட்களுக்கும் சொல்லிவிடும்.