திருவந்திபுரம் கல்வெட்டில் வரும் பராக்கிரமபாகு யார்?

கேள்வி: திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் கல்வெட்டில், போரில் கொல்லப்பட்டவர்களில் ஈழத்து ராஜா பராக்கிரமபாகுவும் ஒருவர் என்று இருக்கிறதாமே. பொலன்னறுவையில் கடல் மாதிரி ஏரி வெட்டிய அந்த ராஜாவா நம் கெடிலக்கரையில் வந்து செத்தார்? (வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: அவர் இல்லை. கல்வெட்டு 1230களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. சோழன் மூன்றாம் ராஜராஜனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறை வைக்க, ஹொய்சள நரசிம்மன் அனுப்பிய தண்டநாயக்கர்கள், அதாவது தளபதிகள், வந்து மீட்ட கதை அதில் இருக்கிறது. அந்தப் படை நம் திருப்பாதிரிப்புலியூரில்கூடத் தங்கியிருக்கிறது. அந்தச் சண்டையில் கோப்பெருஞ்சிங்கன் பக்கம் நின்று இறந்தவர்தான் கல்வெட்டில் வரும் பராக்கிரமபாகு. ஏரி வெட்டிய முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டவர், அதாவது இந்தச் சண்டைக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பதெனியாவில் ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவோ 1236இல்தான் பட்டத்துக்கு வந்தார், 1270 வரை இருந்தார், அவரும் இல்லை. ஒரே பெயரைப் பலர் வைத்துக்கொண்டதால் வரும் குழப்பம் இது. ஆனால் கோயிலுக்குப் போனால் அந்த எழுத்துகளை நின்று பாருங்கள், நம் ஊர்ச் சுவரில் ஈழம் என்ற சொல் எட்டு நூற்றாண்டாக இருக்கிறது.

கேள்வி: ஏரி வெட்டிய பராக்கிரமபாகு பாதித் தமிழர் என்கிறார்கள், உண்மையா? (கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்)

பதில்: பாதி, கால் என்று கணக்குப் போடுவதைவிட அந்தக் குடும்பத்தைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1070இல் சோழர்களை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் தங்கை மித்தாவைச் சோழ அரசன் திரும்பத் திரும்பப் பெண் கேட்டிருக்கிறான், விஜயபாகு கொடுக்கவில்லை, ஒரு பாண்டிய இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார். இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான சூளவம்சத்தில் இது இருக்கிறது. அந்தத் தம்பதிக்கு மூன்று ஆண் பிள்ளைகள்: மானாபரணன், கீர்த்தி ஸ்ரீமேகன், ஸ்ரீவல்லபன். பின்னால் விஜயபாகுவின் கூலிப்படையான வேளைக்காரப் படை, சோழனோடு போருக்குப் போக மறுத்துக் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தியபோது, மித்தாவையும் இந்த மூன்று பிள்ளைகளையும்தான் பிடித்து வைத்துக்கொண்டது. அந்த மூவரில் மூத்தவரான மானாபரணன்தான் பராக்கிரமபாகுவின் அப்பா.

அம்மா ரத்னாவலி, விஜயபாகுவுக்கும் கலிங்கத்து இளவரசி திலோகசுந்தரிக்கும் பிறந்த மகள். அதாவது மித்தாவின் மகன் கட்டியது தன் மாமன் மகளை, நம் ஊர் முறைப்பெண் கல்யாணமேதான்! ஆகவே அப்பா வழித் தாத்தா பாண்டியர், அம்மா வழிப் பாட்டி கலிங்கத்துக்காரி, விஜயபாகுவின் சிங்கள அரச ரத்தம் இரண்டு பக்கமும். அவரைச் சிங்களப் பேரரசர் என்பதும் சரி, மதுரைக்குச் சொந்தக்காரர் என்பதும் சரி. எனக்கு இரண்டில் ஒன்றை விட மனசு வரவில்லை.

பராக்கிரமபாகுவின் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மாவோடு இலங்கையின் தெற்கே ருஹுணையில் வளர்ந்து, அப்புறம் சித்தப்பா கீர்த்தி ஸ்ரீமேகனிடம் போய் அவருக்குப் பின் அவர் ஆண்ட பகுதியைப் பெற்றார். பொலன்னறுவை சும்மா கிடைக்கவில்லை, அங்கே ஆண்ட கஜபாகு அவருக்கு மாமன் மகன், இன்னொரு போட்டிக்காரரான இளைய மானாபரணன் சித்தப்பா ஸ்ரீவல்லபன் மகன். மொத்தமும் பங்காளிச் சண்டை. அந்த மானாபரணனின் தங்கை லீலாவதியையே பராக்கிரமபாகு மணந்தார். சித்தப்பா மகளையா என்று நீங்கள் திடுக்கிடுவீர்கள், நமக்கு அது தங்கை முறை, அங்கே அரச வம்சத்துக்குள் அப்படி நடந்திருக்கிறது. லீலாவதியின் அம்மா சுகலாவோ, மருமகன் என்றும் பார்க்காமல், புத்தரின் புனிதப் பல்லை வைத்துக்கொண்டு ருஹுணையில் பெரிய கலகமே நடத்தினாள், அடக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் பராக்கிரம பாண்டியன் உதவி கேட்டதும் படை அனுப்பினார். அது நன்றாக முடியவில்லை. தளபதி லங்காபுரனின் தலையை மதுரை வாசலில் வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது.

அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்தது நயினாதீவில் இருக்கிற அவருடைய தமிழ்க் கல்வெட்டு. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் வந்து இறங்கும் பரதேசிகளுக்கு, அதாவது வெளிநாட்டாருக்கு, பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று விதிக்கிறார். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் என்றால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு என்றால் சரிபாதி. அவருக்கு யானை, குதிரை வேண்டியிருந்தது, அதைக் கொண்டுவருகிறவன் நஷ்டப்பட்டு அடுத்த தடவை வராமல் போய்விடக் கூடாது! முதுநகரில் துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

கேள்வி: அவருக்குப் பின் வாரிசு? (அதே மாணவி)

பதில்: சகோதரி மகன் இரண்டாம் விஜயபாகு, ஒரு வருஷம்தான். அப்புறம் கலிங்கத்து நிஸ்ஸங்க மல்லன் 1196 வரை. 1197இல் தளபதிகள் லீலாவதியையே அரியணையில் உட்கார வைத்தார்கள், இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். மூன்று தடவை ஆண்ட அந்த ராணியை 1212இல் கடைசியாக இறக்கிவிட்டு அரியணை ஏறியவனும் ஒரு பராக்கிரம பாண்டியன்தான்.