வயிற்றுக் கத்திக்குத்து: வெட்டாமல் நாடியை அடைக்கலாமோ? (கேள்வி பதில்)

மானிப்பாய்த் தம்பி: வாள்வெட்டில வயித்து நாடி கிழிஞ்சா, கவட்டால வயர் விட்டுச் சரிசெய்யலாமாம். உண்மையோ டொக்டர்?

உண்மை, ஆனா எல்லாருக்கும் இல்லை. தொடைநாடியில ஊசி குத்தி வயர் விடுற முறையை சுவீடன் டொக்டர் செல்டிங்கர் 1953இலேயே எழுதிட்டார். அந்த வயருக்கு மேலால துணி போர்த்த ஸ்டென்டை, அதாவது கம்பிவலைக் குழாயைக் கொண்டுபோய் விரிப்பம். நாடிக்குள்ள விடுற சாயம் கிழிஞ்ச இடத்தில புகை மாதிரிக் கசியிறது எக்ஸ்ரே திரையில தெரியும். ஸ்டென்ட் விரிஞ்சதும் நிண்டிடும். சின்னக் கிளை எண்டால் கொயில் எண்ட சுருள் கம்பி போட்டு அடைப்பம். தொப்புள் மட்டத்துக்குக் கீழ, காலுக்குப் போற நாடி வசதியானது. மேல, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கிளை பிரியிற இடத்தில துணி அந்த வாய்களையும் மூடிப்போடும்.

பிரஷர் நிக்கிற ஆளுக்குத்தான் முதல்ல சி.ரி. ஸ்கான். பிரஷர் விழுந்துகொண்டிருந்தால் நேரே சத்திரசிகிச்சைத் தியேட்டர்.

கொக்குவில் தங்கச்சி: குத்தின கத்தியைப் பிடுங்கலாமோ?

பிடுங்கக்கூடாது. அசையாமல் துணி வைச்சுக் கட்டி, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. தண்ணியும் குடுக்காதேங்கோ.

கனடா அண்ணை: ஆர்ஜென்டினா டொக்டர் பரோடி 1990ஆம் ஆண்டிலேயே ஸ்டென்டால செய்திட்டார். நீங்கள் இன்னும் வயித்தைக் கிழிக்கிறியள்!

அண்ணை, பரோடி செய்தது வீங்கின பெருநாடிக்கு. நாள் குறிச்சுச் செய்த வேலை. இங்க வாறவன்ர கத்தி நாடியை மட்டும் தேடிப் போறேல்லை, போற வழியில குடலையும் துளைக்கும். மலம் கொட்டின வயித்தை வயரால கழுவேலாது, குடலையும் தைக்கேலாது. அந்த அழுக்குக்குப் பக்கத்தில ஸ்டென்டை வைச்சால் அதிலயும் கிருமி பிடிக்கலாம்.

கனடா அண்ணை: அப்ப முதல் ஸ்டென்ட், பிறகு குடலைத் தையுங்கோவன்.

சில இடங்களில அப்பிடியும் செய்யினம். ஒரே அறையில எக்ஸ்ரே இயந்திரமும் சத்திரசிகிச்சை மேசையும், நடுச்சாமத்தில வயர் பிடிக்கத் தெரிஞ்ச ஆளும், அளவான ஸ்டென்டும் வேணும். மூண்டில ஒண்டு குறைஞ்சாலும் எனக்குக் கத்திதான் கெதி. கிழிச்சவனைப் பழசு எண்டு சொல்லாதேங்கோ. வயித்தைத் திறந்து பெருநாடியைக் கையால அமத்திப் பிடிச்சவன் எத்தினை உயிரைக் காப்பாத்தியிருக்கிறான்!

பருத்தித்துறை: பெருநாடிக்குள்ள பலூன் விட்டு ஊதினால் காணாதோ?

இரத்தத்தை மறிக்கும், திருத்தாது. நேரம் போனால் பலூனுக்குக் கீழ எல்லாம் இரத்தம் இல்லாமல் பட்டினி.

கிளிநொச்சி அம்மா: 2009இல பட்ட ஷெல் துண்டு வயித்துக்க கிடக்கு. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமோ?

அம்மா, எடுக்க முன்னம் அவையளிட்டைக் கட்டாயம் சொல்லுங்கோ. இரும்பெண்டால் காந்தம் இழுக்கும். முதல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாப்பினம். அந்த இடத்தில துடிக்கிற கட்டி ஏதும் தெரிஞ்சால் கிளினிக் நாள் பாக்காமல் உடனே வாங்கோ.

சுன்னாகம்: கத்தியைப் பிடுங்கினால்...

மேல வாசியுங்கோ.

நல்லூர்: ஸ்டென்ட் வைச்ச தம்பி அஸ்பிரினை நிப்பாட்டலாமோ?

வைச்ச டொக்டரைக் கேட்காமல் ஒரு குளிசையும் நிப்பாட்டவேண்டாம். ஸ்கான் திகதியையும் தவறவிடவேண்டாம். ஸ்டென்ட் நகர்ந்தாலோ அடைபட்டாலோ ஆளுக்கு முதல்ல ஒண்டும் தெரியாமலும் இருக்கலாம்.